பின்னால் மிதித்தால் நிற்கும்

அத்தியாயம் 17

போன வாரம் சந்தை நடுவே ஃபென்னாவின் சைக்கிள் இரண்டாக முறிந்ததையும், உருளைக்கிழங்குகள் மீன்காரன் காலடி வரை உருண்டோடியதையும் பார்த்தோம். பொறுக்கிக் கொடுக்க ஓடிவந்தவர்களை அவள் என்ன சொல்லி விரட்டினாள் என்பதையும் கேட்டோம். நாலு பேர் வீட்டில் வைத்துப் படிக்கும் பத்திரிகை இது. அதை மறுபடி அச்சில் ஏற்ற வேண்டாம்.

அது வெறும் சைக்கிளாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கணவர் பெரெண்ட்டைப் புதைத்துவிட்டு வந்த அன்று, காப்பி ஆறுவதற்குள் மகன் யோரிஸ் வீட்டை விற்கும் பேச்சை எடுத்தான். அப்போது ஃபென்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "என் சாமானை நானே சைக்கிள்ல போய் வாங்கிட்டு வர்ற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன். என்னிக்கு முடியலையோ, அன்னிக்கு நானே கையெழுத்துப் போடறேன்."

சொன்ன சொல் மாறாதவள். அவளிடம் இருக்கும் ஒரே நல்ல குணம் அதுதான் என்பாள் மகள் அலைடா.

அலைடாவுக்கு நாற்பத்தெட்டு வயது. மணமுறிவுக்குப் பிறகு அம்மா வீட்டு உச்சிமாடி அறையில் இருக்கிறாள். காம்பன் ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதற்குள் பல் விழுந்துவிடும். அம்மா வீட்டை விற்றால் வரும் பங்கில்தான் அவளுக்கென்று ஒரு கதவு, அதற்கென்று ஒரு சாவி. அதை நினைத்துக்கொண்டேதான் தினமும் ஏணி மாதிரி செங்குத்தான அந்தப் படிகளில் ஏறிப் படுக்கப் போகிறாள்.

சனிக்கிழமை காலை. சமையலறையில் ஃபென்னா காப்பி ஊற்றினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அலைடா ஒன்று எடுத்ததும் மூடினாள். யோரிஸ் வரும் நாட்களில் மட்டும் அந்த டப்பா மூடாமல் மேஜை மேலேயே இருக்கும்.

"ராத்திரி பூரா மாடியில நடந்துட்டே இருந்தியே, என்ன?" என்றாள் ஃபென்னா.

"தூக்கம் வரல."

"பக்கத்துல படுக்க ஆள் இல்லேன்னா தூக்கம் வராதுதான். கடையில திருப்பிக் குடுத்த சரக்கு. மறுபடி யார் வாங்கப் போறா."

அலைடா காப்பியைக் குடித்தாள். நாலு வருடமாகக் கேட்கும் வசனம்தான். ஆனால் பழகிய செருப்பும் ஒருநாள் கடிக்கும்.

"முந்நூறு யூரோ" என்றாள் ஃபென்னா. "அதுக்கு மேல ஒரு சென்ட் கிடையாது. கியர் வேணும், இந்த முழங்காலை வெச்சுட்டுக் கியர் இல்லாம மிதிக்காதேன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா வெளிய பல்லைக் காட்டிட்டுத் தொங்கற கியர் வேண்டாம். ஒரு மழைக்குத் துரு, ஒரு பாவாடைக்குக் கறை. பின்சக்கரத்து நடுவுல, ஹப்புக்குள்ளேயே இருக்கற கியர்தான் வேணும். பேட்டரி சைக்கிள்னு அவன் ஆரம்பிச்சான்னா வெளிய வந்துடுவேன்."

"நிறைய பேர் பேட்டரியில போறாங்கம்மா."

"அதுக்குச் சவப்பெட்டிக்கு ரெண்டு சக்கரம் மாட்டிக்கலாம்."

அலைடா மாடிக்குப் போய்க் கோட்டை எடுத்தாள். போன் அடித்தது. யோரிஸ்தான். பக்கத்து நகரமான ஸ்வோலெயில் பெரிய வீடு, தோட்டம், இரண்டு கார். அம்மாவுக்கு ஞாயிறுதோறும் பூ வாங்கி வருவான்.

"கிளம்பிட்டீங்களா அக்கா?"

"கிளம்பறோம்."

"நேத்து சொன்னது ஞாபகம் இருக்கில்ல? கால் பிரேக் இல்லாததாப் பார்த்து எடு. கைப்பிரேக் மட்டும் இருக்கணும். சின்ன வயசுலேர்ந்து பெடலைப் பின்னால மிதிச்சே நிறுத்தின ஆள். ஒரு தடவை மிதிச்சு, நிக்கலேன்னு பயந்தாப் போதும். அம்மாவே சாவியைத் தூக்கி மேஜை மேல வெச்சுடுவா."

"விழுந்தா?"

"கடை வாசல்லேயே ஓட்டச் சொல்லு. ரெண்டு பக்கமும் புல்லு. விழுந்தாலும் மெத்தையில விழுந்த மாதிரி."

"நீ வந்து வாங்கிக் குடேன் யோரிஸ்."

"எனக்கு இன்னிக்குப் பையனோட ஹாக்கி மேட்ச்" என்று வைத்துவிட்டான்.

அலைடா கொஞ்ச நேரம் கோட்டைப் பிடித்தபடி நின்றாள். வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னது. கீழே இருந்து குரல் வந்தது. "இறங்கி வர்றியா, இல்ல அந்தப் பழைய புருஷனுக்குக் கடுதாசி எழுதறியா?"

அவள் இறங்கி வந்தாள்.

*

எவர்ட்டின் சைக்கிள் கடை ஆற்றுக்கு அக்கரையில், ரயில் நிலையத்தைத் தாண்டி இருந்தது. அலைடா தன் சைக்கிளை மிதிக்க, அம்மா பின்னால் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாள். ஐசல் ஆற்றுப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று கன்னத்தில் அறைந்தது. ஒரே கியர் உள்ள சைக்கிளில் எழுபத்து மூன்று வயதுக் கட்டை உடம்பை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறுவது என்ன என்று, ஏறியவர்களுக்குத் தெரியும்.

"மூச்சு வாங்குது பார்" என்றாள் ஃபென்னா, முதுகுக்குப் பின்னாலிருந்து. "அந்தக் காலத்துல நான் முன்னால ஒரு குழந்தை, பின்னால ஒரு குழந்தை, கையில முட்டைக்கூடை வெச்சுட்டு இதே பாலத்துல வருவேன். யோரிஸ் முன்னால, நீ பின்னால."

"தெரியும். நான்தான் பின்னாலன்னு தெரியும்."

"முன்னால இருந்தா கிளிமாதிரி பேசிட்டே வருவான் அவன். நீ உம்முன்னு இருப்பே."

பாலத்தின் இறக்கத்தில் அலைடா பெடலைப் பின்னால் அழுத்தினாள். சைக்கிள் அடங்கி, மெதுவாக இறங்கியது. யோசிக்காமல் செய்கிற காரியம் அது. நடக்கும்போது எந்தக் காலை எடுத்து வைப்பது என்று யாராவது யோசிக்கிறார்களா? ஆறு வயதில் இதே பாலத்தடியில்தான் அம்மா அவளுக்குச் சைக்கிள் சொல்லிக் கொடுத்தாள். பின்னால் ஓடி வந்து, "நில்லு" என்று கத்துவாள். உடனே பின்னால் மிதிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் பிடறியில் ஒன்று விழும். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

எவர்ட் இவர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதுக்காரர், ஊரில் பாதிப்பேரின் பஞ்சர் ஒட்டியவர்.

"வாங்க ஃபென்னாம்மா. இப்ப எல்லாரும் பேட்டரியிலதான்…"

"முழங்கால் வலிக்குது. வெளிய உக்காரறேன்" என்று ஃபென்னா வாசலில் போட்டிருந்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். "நீலமா இருந்தா நல்லது" என்று மட்டும் திரும்பிச் சொன்னாள். தன் காசில் வாங்கும் பொருளை எட்ட இருந்து வெறுப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

எவர்ட் இரண்டு சைக்கிள்களை வெளியே இழுத்தார். ஒன்று சாம்பல் நிறம், ஒன்று நீலம்.

"ரெண்டும் ஒரு கை மாறினது. ரெண்டுமே முந்நூறுக்குள்ள முடிச்சுத் தர்றேன். ரெண்டுலயும் கியர் ஹப்புக்குள்ள. மழை, உப்பு, மண்ணு எதுவும் உள்ள போகாது. செயின் மேல முழுக் கவர், பாவாடை மாட்டாது. சிக்னல்ல நின்னுட்டு இருக்கறப்பவே கியர் மாத்திக்கலாம், மிதிக்கணும்னு இல்ல. கடைக்கும் சந்தைக்கும் போய்வர இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

"வித்தியாசம் என்ன?" என்று அலைடா கேட்டாள். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"சாம்பல்ல மூணு கியர். நீலத்துல ஏழு. முழங்காலுக்கு ஏழு நல்லது, பாலம் ஏறறதே தெரியாது. ஆனா ஒண்ணு." எவர்ட் நீலச் சைக்கிளின் பெடலைப் பின்பக்கமாகத் தட்டிவிட்டார். அது தடையில்லாமல் சுழன்றது. "இதுல கால் பிரேக் கிடையாது. முன்னாலயும் பின்னாலயும் கைப்பிரேக்தான். சாம்பல்ல கால் பிரேக் இருக்கு. அம்மாவுக்கு எது பழக்கம்?"

அலைடா வாசலைப் பார்த்தாள். அம்மா பெஞ்சில் இருந்தபடி, சாலையில் போகும் யாரோ ஒரு பெண்ணின் தொப்பியைப் பற்றி யாரோ ஒருவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. திருப்பிக் கொடுத்த சரக்கு என்பதைச் சொல்லும்போதும் இதே சிரிப்புத்தான்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றார் எவர்ட். "காலம் பூரா கால்ல நிறுத்தினவங்களுக்கு இதைக் குடுத்தா முதல் மாசம் ஆபத்து. மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அதான் கேட்டேன்."

"கைப்பிரேக்தான்" என்றாள் அலைடா. "அம்மாவுக்கு ரொம்ப நாளா கைப்பிரேக்தான் பழக்கம்."

பொய்தான். ஆனாலும் அவள் நல்ல சைக்கிளைத்தான் எடுத்திருக்கிறாள். நீலம், ஏழு கியர், முழங்காலுக்கு இதம், சொன்ன விலை. நாளைக்கு யார் கேட்டாலும் பதில் இருக்கிறது. கெட்டது செய்யும்போது காரணத்தை இப்படி நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தானாகவே வந்தது.

எவர்ட் சீட்டை இறக்கி, ஃபென்னாவின் உயரத்துக்கு வைத்தார். அலைடாவுக்கும் அதே உயரம்தான். உள்ளே போய் அவள் பணத்தைக் கட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தபோது, ஃபென்னா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவர்ட்டோடு ஏதோ பேசி முடித்திருந்தாள். ஒரு கால் பெடல் மேல் இருந்தது.

அலைடா சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யோரிஸ் சொன்ன மாதிரி புல்தான். புல்லுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் இருப்பதை அவன் சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஃபென்னா. மகள் முகத்தையே பார்த்தாள். "நீயா எடுத்தே?"

"ஆமா. ஓட்டிப் பாரும்மா."

"ஓட்டறேன், ஓட்டறேன். முதல்ல பாலத்தை நீ தாண்டிக் குடு. காத்து ஜாஸ்தியா இருக்கு. உன் சைக்கிளை நான் எடுத்துக்கறேன்."

"எதுக்கு? உனக்குன்னு வாங்கினது."

"ஏன், உனக்குப் பயமா?"

அலைடாவுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போதைக்குத் தப்பித்தது, இங்கே எதுவும் நடக்காது. தனக்கென்ன, தனக்குத்தான் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியுமே. அவள் நீலச் சைக்கிளில் ஏறினாள்.

*

பாலம் ஏறும்போது அலைடா வலது கைப்பிடியைத் திருகினாள். மிதி இலேசானது. இன்னொரு திருகு. இன்னும் இலேசானது. காற்று அதே காற்று, பாலம் அதே பாலம், ஆனால் வரும்போது குடலைப் பிடுங்கிய ஏற்றம் இப்போது சமதரை மாதிரி இருந்தது. ஹப்புக்குள் எங்கேயோ ஒரு சின்ன டிக் சத்தம், அவ்வளவுதான். தனக்கென்று ஒரு வீடு கிடைத்தால் இதே மாதிரி ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு உடம்பு சுகமாக இருந்தது.

பின்னால் அம்மா மூச்சு இரைக்க வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வலித்திருக்கும். வழக்கமாக வரும் குத்தல் எதுவும் வரவில்லை என்பதை அலைடா கவனித்தாள். கவனித்ததோடு சரி.

உச்சி தாண்டியது. இறக்கம். இரண்டு முறை கைப்பிரேக்கை அழுத்திப் பார்த்தாள், பிடித்தது. மூன்றாவது முறை அழுத்தவில்லை. காற்று பக்கவாட்டில் அடித்தது, கீழே ஊர், ஆற்றங்கரையில் கட்டியிருந்த பழைய படகுகள், சந்தைப் பக்கமிருந்து பொரித்த மீன் வாசனை.

பாலத்தடியில் ஒரு ரொட்டி வேன் சைக்கிள் பாதையைக் குறுக்கே கடந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"அலைடா, நில்லு."

அம்மாவின் குரல். அந்தச் சொல். ஆறு வயதில் கேட்ட அதே தொனி.

இரண்டு காலும் ஒன்றாகப் பின்னால் போயின. முழு பலத்தோடு, ஒழுங்காக, சொல்லிக் கொடுத்தபடி. பெடல் காற்றில் சுழன்றது. ஒன்றும் பிடிக்கவில்லை. அவள் இன்னொரு முறை மிதித்தாள். கை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவு வரவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவளுக்கு அது பாலத்தடி மட்டும் போதுமானதாக இருந்தது.

வேனில் இடிக்காமல் திருப்பினாள். கம்பித் தூணில் இடித்தாள்.

கண் திறந்தபோது கன்னம் தரையில் இருந்தது. வலது கை தன் கையாகவே தெரியவில்லை. ரொட்டிக்காரர் பதறிக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் அவளுடைய பழைய சைக்கிள் சீராக இறங்கி வந்து, ஒரு கீச் சத்தம்கூட இல்லாமல் அவள் தலைமாட்டில் நின்றது. ஃபென்னா பின்னால் மிதித்து நிறுத்தியிருந்தாள். உடனே இறங்கவில்லை.

"நான் பார்க்கலைம்மா, சத்தியமாப் பார்க்கலை" என்றார் ரொட்டிக்காரர்.

"உன் மேல தப்பில்ல" என்றாள் ஃபென்னா. "அவ கால் மேல தப்பு. வேன்ல இடம் இருக்கா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

*

வேனின் பின்பக்கம், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே, அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். சூடான ரொட்டி வாசனை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அலைடாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. ஃபென்னா தன் ஸ்கார்ப்பை அவிழ்த்து மகளின் கையைக் கழுத்தோடு கட்டிவிட்டாள். இதமாகத்தான் கட்டினாள்.

"கைப்பிரேக்தான் பழக்கம்னு சொன்னியாமே எனக்கு" என்றாள், முடிச்சுப் போட்டுக்கொண்டே.

அலைடா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெடல்ல காலை வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு. பின்னால தள்ளினா ராட்டினம் மாதிரி சுத்துது. என்னடா இதுன்னு எவர்ட்டைக் கேட்டேன். உங்க பொண்ணுதான் சொன்னாங்கன்னான். நல்ல மனுஷன், அவன் முகம் வெளுத்துப்போச்சு. சாம்பல் சைக்கிளை மாத்தித் தர்றேன்னான். நான்தான் இருக்கட்டும்னேன்."

"தெரிஞ்சுமா என்னை ஏத்தி விட்டே?"

"நீ தெரிஞ்சேதான் எடுத்தே. நான் தெரிஞ்சே குடுத்தேன்."

"வேனைப் பார்த்தியாம்மா? நீ நில்லுன்னு கத்தினது வேனைப் பார்த்தா, இல்ல…"

ஃபென்னா மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"உன்னை ஒண்ணும் செய்யணும்னு எனக்கு இல்லம்மா" என்றாள் அலைடா. அழுகை வந்துவிட்டது. "நீ ஒரு தடவை பயந்தாப் போதும்னு இருந்தேன். எனக்கு வெளிய போகணும். அந்த மாடியில என்னால இருக்க முடியல. உன் வாயைக் கேட்டுட்டு இருக்க முடியல."

"இனி இருக்கணும். சோத்துக்கை உடைஞ்சுபோச்சு. பட்டன் போட, ரொட்டி வெட்ட, தலை வார எல்லாத்துக்கும் நான்தான் வரணும். படியில ஏத்தி விடறதும் நான்தான். இந்த நிலைமையில வீட்டை வித்துட்டு உன்னை நடுத்தெருவுல விட முடியுமா? ஊர் என்ன சொல்லும்." அவள் குரலில் ஒரு திருப்தி இருந்தது. "பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க."

வேன் ஒரு வளைவில் திரும்பியது. அலைடா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யோரிஸுக்கு இந்தப் புத்தி வருமா?" என்றாள் ஃபென்னா, தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "வயித்துல இருந்தப்பவே உதைக்காத பிள்ளை. அவன் இருக்கறதாலதான் நான் ராத்திரி கண்ணை மூடறேன். நீ என் வயித்துல பிறந்ததை அவனை வெச்சுத்தான் மன்னிக்கறேன்."

அலைடா சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் சொன்னால் அம்மா நம்ப மாட்டாள். பழியைத் தம்பி மேல் போடுகிறாள் என்று இன்னொரு வசனம் சேரும், அதைச் சாகும்வரை கேட்க வேண்டியிருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு ரொட்டித் தட்டுகளைப் பார்த்தபடி வந்தாள்.

*

ஸ்வோலெ ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கும் தோள் எலும்புக்கும் படம் எடுத்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். கையைத் தாங்கத் தூளிக்கட்டு கொண்டுவர நர்ஸ் போயிருந்தாள். கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. ஃபென்னா காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

கொஞ்ச நேரத்தில், தகவல் கேட்டு யோரிஸ் வந்தான். மழைக்கோட்டில் ஹாக்கி மைதானத்துச் சேறு. திரைக்குள் நுழைந்து, திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"அம்மா எங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"காப்பி வாங்கப் போயிருக்கா."

"என்னக்கா இது? ஒரு வேலை சொன்னா… நீ எப்படி விழுந்தே?"

அப்போதுதான் அலைடா பார்த்தாள். திரைக்கு அடியில், தரைக்கும் துணிக்கும் நடுவே இருந்த இடைவெளியில், இரண்டு பழுப்பு நிறக் காலணிகள். இடது காலணியில் இரட்டை முடிச்சு, அம்மா போடுகிற முடிச்சு. அவை இந்தப் பக்கம் பார்த்து நின்றன.

அவள் உதட்டில் விரல் வைத்திருக்கலாம். இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஒரு கண்சாடை போதும், தம்பி புரிந்துகொண்டிருப்பான். வேனில் கேட்டது காதிலேயே இருந்தது. மன்னிக்கறேன் என்றாளே, அது.

"சத்தமாப் பேசு யோரிஸ்" என்றாள். "மருந்து குடுத்திருக்காங்க, காது அடைக்குது. என்ன சொன்னே?"

"எப்படி விழுந்தேன்னு கேட்டேன்" என்றான் அவன், குரலை உயர்த்தி. "கால் பிரேக் இல்லாததாப் பார்த்து எடுன்னு நான் சொன்னது அம்மாவுக்கு. நீ ஓட்டறதுக்கா?"

"அம்மா விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா விழுந்திருந்தா. இடுப்பு எலும்பு போயிருந்தா இன்னும் சுலபம். மாடிப்படி ஏறக்கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருப்பார், நாம வாயே திறக்க வேண்டாம். இப்ப பாரு, கதை கந்தல். அந்தக் கிழவி இன்னும் இருபது வருஷம் அந்த வீட்டுல குந்திட்டு இருப்பா."

"ஞாயித்துக்கிழமை பூ வாங்கிட்டு வருவியே."

"அது பாட்டுக்கு அது."

அலைடா தலையணையில் சாய்ந்தாள். கை வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. குறைந்ததற்காக அவள் வெட்கப்படவும் செய்தாள். ஆனால் அது பிறகு வந்தது.

காலணிகள் நகரவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சொட்டுக் காப்பி விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு.

திரை விலகியது. ஃபென்னா முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் காகிதக் கோப்பை. முகத்தில் எப்போதும் இருக்கிற அதே முகம்தான் இருந்தது, ஆனால் யாரோ அதைக் கழற்றித் திரும்ப மாட்டிய மாதிரி இருந்தது. யோரிஸ் திரும்பினான்.

"வந்துட்டியா" என்றாள் ஃபென்னா. "உனக்குச் சர்க்கரை ரெண்டுதானே. இந்தா, என்னோடதை எடுத்துக்கோ. ரெண்டுதான் போட்டிருக்கேன். இத்தனை வருஷமா உன் கணக்குல குடிச்சுக் குடிச்சு எனக்கும் அதே பழக்கமாயிடுச்சு."

அவன் வாங்கிக்கொண்டான். காப்பியோடு கொடுத்த இரண்டு பிஸ்கட்டுகளை அவள் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். யோரிஸின் மற்ற கை தானாக நீண்டது. நாற்பத்து நாலு வருடப் பழக்கம்.

ஃபென்னா ஒரு பிஸ்கட்டை அலைடாவின் வாயில் வைத்தாள். இன்னொன்றைத் தானே கடித்து, மெல்ல மென்று தின்றாள். நீட்டிய கையைப் பார்க்கவே இல்லை.

"நர்ஸ் வந்ததும் கிளம்பலாம்" என்றாள். "எவர்ட் கடையை அஞ்சு மணிக்கு மூடிடுவான். அந்தச் சாம்பல் சைக்கிளை வேற எவளாவது கொண்டு போறதுக்குள்ள போகணும்."

"அம்மா…" என்றான் யோரிஸ்.

"நீதான் கார் ஓட்டறே" என்றாள் ஃபென்னா. அலைடாவின் கோட்டை எடுத்து, உடைந்த கைப்பக்கத்தை முதலில் போர்த்திவிட்டு, ஒவ்வொரு பட்டனாகப் போட ஆரம்பித்தாள். மேல் பட்டனைத் தவறான துளையில் மாட்டினாள். அலைடா குனிந்து பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"மெதுவா ஓட்டு, யோரிஸ். பாலத்து உச்சிக்குப் போனதும் நிறுத்து. அங்க வெச்சு உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."